ஆசாரக்கோவையின் முதலும் முடிவும்

காவியங்களையும் பக்திப் பாடல்களையும் ஆராய்வதிலே காட்டப்படும் ஊக்கம், மக்கள் எவ்வாறு எழுந்து எவ்வாறு உண்டு எவ்வாறு உறங்கவேண்டும் என்று கூறும் சிறு நூல்கள்மீது காட்டப்படுவதில்லை. அத்தகைய நூல்களை இலக்கியம் என்று கொள்வதற்கே பலர் தயங்குவர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திருக்குறளுக்கும் நாலடியாருக்கும் உரைகளும் ஆராய்ச்சிகளும் பெருகியிருக்க, அத்தொகுதியைச் சேர்ந்த ஆசாரக்கோவையோ பரீட்சைக்குப் படிப்போர் பெயரளவில் நினைவு கொள்ளும் நூலாகவே பெரும்பாலும் இருந்துவருகின்றது. எனினும், ஒரு சமுதாயம் எதனைப் போற்றியது என்பதைக் காவியம் காட்டுமாயின், அது எதற்கு நாணியது, எதற்கு அஞ்சியது, யாரை அருகில் இருத்தியது, யாரை அகற்றி வைத்தது என்பவற்றை ஆசார நூலே காட்டும். ஆதலின் அதனைப் புறக்கணிப்பது தகாது. அளவின்றிப் புகழ்வதும் தகாது. அதனை அளந்தறிதற்கு உரிய கோல் எது என்பதே கேள்வி. அக்கோலை அந்நூலே தன் முதற்செய்யுளிலும் இறுதிச்செய்யுளிலும் வைத்திருக்கின்றது.

ஆசாரக்கோவையை இயற்றியவர் பெருவாயின் முள்ளியார். அவர் கயத்தூரைச் சார்ந்தவர் என்றும், திரிபுரம் எரித்த இறைவனின் அடியை ஏத்துபவர் என்றும், முனிவர் வாக்காகிய ஆரிடத்தினின்று தாம் அறிந்தவற்றைத் தொகுத்தார் என்றும் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. வடமொழி மிருதி நூல்களின் கருத்துக்கள் பல இதன்கண் அமைந்திருத்தற்குக் காரணம் இதுவே. நூல் நூறு செய்யுட்களை உடையது. குறள்வெண்பா முதலாகப் பஃறொடைவெண்பா ஈறாக வெண்பாவின் வகைகள் பலவும் இதன்கண் விரவிவருகின்றன. கூறவேண்டிய விதி சிறிதாயின் இரண்டடியில் முடிகின்றது. பெரிதாயின் அடிகள் நீளுகின்றன. பொருளுக்கேற்ப யாப்பை நீட்டியும் சுருக்கியும் கொண்டாரேயன்றி, யாப்பை நிரப்புதற்பொருட்டுப் பொருளை நீட்டினாரல்லர். கவிநயம் நாடிப் புகுவார்க்கு இந்நூல் ஏமாற்றமே தரும். விளம்பிநாகனாரின் நான்மணிக்கடிகை நான்கு பொருள்களை ஒருங்கு வைத்து ஒன்றையொன்று ஒளிபெறச் செய்வதுபோன்ற வித்தகம் இங்கே அரிது. பட்டியலின் செறிவும் சொல்லின் சுருக்கமுமே இந்நூலின் அழகு.

ஆயினும், நடையிலே உற்றுநோக்கத்தக்க ஒரு சிறப்பு உண்டு. ஆத்திசூடி முன்னிலையாளனை நேரே ஏவுகின்றது. உலகநீதி ஒவ்வொன்றையும் ‘வேண்டாம்’ என்று விலக்குகின்றது. ஆசாரக்கோவையோ, சிலவிடங்களில் வியங்கோளை ஆண்டாலும், பெரும்பாலும் ‘உண்ணார்’, ‘நோக்கார்’, ‘உரையார்’ என்று படர்க்கையிலே பேசுகின்றது. ‘நீ இதனைச் செய்யாதே’ என்று விரலை நீட்டுவதன்று அது. ‘அறிவுடையார் இதனைச் செய்யார்’ என்று ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டுவது. கேட்பவன் கட்டளைக்கு உட்படுபவனாக அன்றி, அப்பெரியோர் கூட்டத்திற் சேர அழைக்கப்படுபவனாக நிற்கின்றான். நன்மாணாக்கனைத் திருத்தும் நல்லாசிரியர் பலரும் இம்முறையையே மேற்கொள்வர். ஆனால் அந்நடைக்கு ஒரு குறையும் உண்டு. ‘அறிவுடையார் செய்யார்’ என்று கூறியபின் ‘ஏன்’ என்று வினவுதற்கு இடமில்லை. காரணம் கூறவேண்டிய கடமையினின்று ஆசிரியர் எளிதில் விடுபட்டுவிடுகின்றார். நூலின் வலிமையும் மெலிவும் இவ்வொரு வினைமுற்றினுள்ளே அடங்கியுள்ளன எனலாம்.

இனி, நூலின் முதற்செய்யுளை நோக்குவோம். ஆசாரத்துக்கு வித்து எது என்ற வினாவுக்கு விடையாக அமைவது அது. நன்றியறிதல், பொறையுடைமை, இன்சொல், எவ்வுயிர்க்கும் இன்னாத செய்யாமை, கல்வி, ஒப்புரவறிதல், அறிவுடைமை, நல்லினத்தாரோடு நட்புச்செய்தல் என எட்டினை அது எண்ணுகின்றது. இவ்வெட்டனுள் நீராடுதலும் இல்லை. திசை நோக்கி இருத்தலும் இல்லை. தொடத்தக்கது, தொடத்தகாதது என்ற பேச்சும் இல்லை. எட்டும் உள்ளத்தின்பாற்பட்டன, அல்லது பிறரோடு கூடி வாழும் வாழ்வின்பாற்பட்டன. இவற்றை ஆசாரம் என்று கூறாது ஆசாரத்தின் வித்து என்று கூறியமை கருதத்தக்கது. பின்னே வரும் விதிகள் யாவும் இவ்வித்தினின்று முளைத்த கிளைகளாதல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும். வித்து வேறு, கிளை வேறு என்று வரும் இடங்கள் உளவாயின், அவை பிறிதொரு மரத்தினின்று வந்து ஒட்டிக்கொண்டவை என்றே கொள்ளல் வேண்டும்.

வித்தோடு ஒத்து வளர்ந்த கிளைகள் இந்நூலிற் பல. வீடுதேடி வந்தார்க்கு உணவோடு செய்யவேண்டிய சிறப்புக்களாக முறுவல், இன்சொல், கால் கழுவ நீர், இருக்கை, படுக்கை என ஐந்தினை நூல் வகுக்கின்றது. முறுவல் முதலில் நிற்கின்றது; அதற்குப் பொருட்செலவு இல்லை. வறியவன் வீட்டிலும் முதல் இரண்டுக்குக் குறைவில்லை என்பது அவ்வைப்பு முறையினாலே விளங்கும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே, வந்தவர் திண்ணையில் அமருமுன்னரே செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து வைத்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இச்செய்யுள் பழந்தமிழாகத் தோன்றாது. அவ்வாறே, வைகறையில் எழுந்து அன்று செய்யவேண்டிய அறத்தையும் பொருளையும் சிந்தித்துத் தாய் தந்தையரைத் தொழுக என்பதும், விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு உணவளித்த பின்னரே உண்க என்பதும் வித்தினுள் அடங்குவனவே. இரண்டாவது விதியிலே வீட்டின் பந்தியில் விலங்கும் பறவையும் இடம்பெற்றிருக்கின்றன. எவ்வுயிர்க்கும் இன்னாத செய்யாமை என்ற வித்து உணவுவேளையில் எவ்வுருவம் கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுவதில்லை.

புல், பைங்கூழ், வழி, நீர்த்துறை, கோயில், நிழல், பசுத்தொழு முதலிய பத்திடங்களிலே உமிழ்தலும் மலசலம் கழித்தலும் ஆகா என்ற விதி, சுகாதாரம் கற்பிக்கும் இக்காலத்தும் நகரசபைகள் அறிவிக்கவேண்டிய நிலையிலுள்ள விதியாகும். அவற்றுள் ‘நிழல்’ என்ற ஒரு சொல்லை நின்று நோக்குதல் வேண்டும். நிழல் யாருக்கும் உரித்தன்று. நாளை வழிநடந்து களைத்துவரும் அறியாத ஒருவனுக்கு உரியது. கண்ணுக்குத் தெரியாத அம்மனிதனை எண்ணி இன்று அடங்கியொழுகுவதே ஒப்புரவறிதல். சபையிலே விரைந்து பேசாமை, ஒன்றையே மேன்மேலும் பேசாமை, மிகைப்படுத்திப் பேசாமை, சில சொல்லிற் பொருளை அடக்கிக் காலமறிந்து கூறல் என்பனவும் இத்தகையனவே. கேட்போரின் பொழுதும் பொறுமையும் தமக்குரியன அல்ல என்று உணர்ந்தவனின் ஒழுக்கம் அது. எறும்பையும் தூக்கணங்குருவியையும் காக்கையையும்போலத் தத்தம் கருமத்தைக் கடைப்பிடித்தல் வேண்டும் என்று கூறுமிடத்து, விதி கூறும் ஆசிரியர் சிறிது பொழுது கவிஞராகவும் ஆகின்றார்.

வித்தோடு பகையும் இன்றி உறவும் இன்றி நிற்கும் விதிகளும் உள. வடக்கே தலைவைத்து உறங்காமை, நீரிலே தன் நிழலைப் பாராமை, நிலத்தைக் கீறாமை, இரவிலே மரத்தைச் சேராமை போன்றன அவை. இவற்றுட் சிலவற்றுக்குப் பிற்காலத்தார் விஞ்ஞான விளக்கம் கூற முயல்வர். அம்முயற்சி வேண்டாதது. ஒரு குலத்தார் தம் முன்னோரின் வழக்கம் என்று போற்றும் இத்தகைய பழக்கங்கள் பிறர்க்குத் தீங்கு செய்யாதவரை இருந்துவிட்டுப் போகலாம். விஞ்ஞானத்தின் முத்திரையைப் பொய்யாகக் குத்திக்கொள்ளவேண்டியதில்லை. உண்ணும்போது கிழக்கு நோக்கியிருத்தல் வேண்டும் என்று விதித்த நூலே, ஏனைத் திசைகளும் முறையே நல்லனவென்று பின்னர்த் தளர்த்திக் கூறுதல் கவனிக்கற்பாலது. ஆசிரியருக்கு விதியின்மீது பற்று உண்டு, வெறி இல்லை. பிற்காலத்து ஆசாரசீலர் பலரிடம் இவ்வேறுபாடு காணப்படுவதில்லை.

ஆனால், இரண்டாம் செய்யுளிலே நூல் சற்று இறங்கிவிடுகின்றது. ஆசாரம் தவறாதார் நற்குடிப்பிறப்பு, நெடுவாழ்வு, செல்வம், அழகு, நிலவுரிமை, மேலான சொல், கல்வி, நோயின்மை என்ற எட்டினையும் அடைவர் என்று அது கூறுகின்றது. எட்டு வித்துக்கு எட்டுப் பயன் என்று கணக்கு ஒத்துவருகின்றது. ஆயினும் நன்றியறிதலையும் பொறுமையையும் நிலமும் செல்வமும் தரும் வாணிகமாக்குவது அவ்வித்துக்களின் பெருமையைக் குறைப்பதேயாம். வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்திலே ஒழுக்கத்தை உயிரினும் மேலாக வைத்துப் பேசியமையோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், அறநூலுக்கும் ஆசார நூலுக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். பயன் கூறியே பழக்கவேண்டிய இளம்பருவத்தாரை நோக்கி எழுந்தமையால் இவ்வாறு அமைந்தது என்று அமைதி கூறலாம். எனினும் அமைதி கூறவேண்டிய இடம் என்பதை மறைத்தலாகாது.

மாணாக்கர் கருதவேண்டிய இடம் ஒன்றும் உண்டு. பெரியோர் முன் நிற்கும்போது அடங்கி நிற்றல் வேண்டும். இருக்கும்போது ஏவாது எழுந்து செல்லலாகாது. அவர் கூறுவதைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். அவர் சொல்லாதொழிந்தால் மீண்டும் வினாவலாகாது என்பது ஒரு செய்யுளின் கருத்து. முதன்மூன்றும் எக்காலத்துக்கும் ஏற்பன. நான்காவதை ஆசிரியரின் களைப்பறிந்து ஒழுகும் பண்பு என்று கொண்டால் குறையில்லை. ஐயத்தை அடக்கிக்கொள்ளும் ஆணை என்று கொண்டால் கல்விக்கே கேடு. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கனின் வழிபாட்டை விரித்துக் கூறியதோடு, வினவுதலையும் வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் கற்றலின் உறுப்புக்களாகவே வைத்தார். பணிவும் வினாவும் ஒருங்கே வாழ முடியும் என்பதை இலக்கண நூலார் உணர்ந்த அளவுக்கு ஆசார நூலார் உணர்ந்திலர்போலும்.

இனி, வித்தோடு நேரே மாறுபடும் கிளைக்கு வருதல் வேண்டும். நற்கருமம் செய்யத் தொடங்குவார் புலையர்வாய் நாள் கேட்டுச் செய்யார் என்றும், அந்தணர்வாய்க் கேட்டே செய்க என்றும் ஒரு செய்யுள் விதிக்கின்றது. எவரும் செய்யாத ஒன்றை எந்நூலும் விலக்குவதில்லை. ஆகவே, அக்காலத்து மக்கள் புலையரிடம் சென்று நாள் கேட்டனர் என்பதும், நாள் கணிக்கும் அறிவு அவர்களிடமும் இருந்தது என்பதும் அவ்விலக்கினாலேயே வெளிப்படுகின்றன. அறிவுடையாரை அறிவின்பொருட்டு நாடுதலை விடுத்துப் பிறப்பின்பொருட்டு விலக்குக என்று கூறும்போது, கல்வி, அறிவுடைமை, இன்னாத செய்யாமை என்ற மூன்று வித்துக்கள் ஒருங்கே நசுக்கப்படுகின்றன. ஆசாரத்தை யாவரும் அறியும்பொருட்டே முள்ளியார் தொகுத்தார் என்று சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அந்த ‘யாவருள்’ நூலின் உள்ளே சிலர்க்கு இடமில்லாது போயிற்று.

இது பழங்கதையன்று. விருந்தினனுக்கு முறுவலும் கால்நீரும் அளித்த அதே யாழ்ப்பாணத்து வீடு, மற்றொருவனைப் படலைக்கு வெளியே நிறுத்தி, அவன் கையிலோ சிரட்டையிலோ நீரை வார்த்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே பிள்ளைகள் யாவர்க்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது, அதனை எதிர்த்தவர்கள் ‘ஆசாரம்’ என்ற சொல்லையே கேடயமாகப் பிடித்தனர். 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் நின்றவர்கள் உட்புகுந்து வழிபடமுடியாது தடுக்கப்பட்டனர். அங்கேயும் அச்சொல்லே ஒலித்தது. வித்தை மறந்து கிளையைப் பற்றிக்கொண்டவர் எங்கே சென்று சேர்வர் என்பதற்கு இவை சான்று.

அக்காலத்து நூலை இக்காலத்து அளவைகொண்டு அளத்தல் நேர்மையாகுமா என்று வினவுவாரும் உளர். வினா தக்கதே. ஆயின், ஈண்டுக் கொள்ளப்பட்ட அளவை இக்காலத்தது அன்று. எவ்வுயிர்க்கும் இன்னாத செய்யாமையை ஆசாரத்தின் வித்தாக வைத்தவர் முள்ளியாரே. அவர் நட்ட வித்தைக்கொண்டு அவர் காட்டிய கிளைகளை அளப்பதில் அநீதி யாதும் இல்லை.

பெண்கள் திறத்தும் இவ்வாறே கூறலாம். வைகறையில் இல்லத்தைத் துலக்கி, கலம் கழுவி, சாணநீர் தெளித்து, நீர்க்குடங்களை நிறைத்து, மலரணிந்து, அடுப்பிலே தீமூட்டும் அழகிய காட்சியொன்று நூலில் வருகின்றது. ஈழத்துக் கிராமங்களிலே விடியற்காலத்து முற்றத்தைக் கண்டவர்கள் அதன் மெய்ம்மையை அறிவர். ஆனால் அவ்வேலையைச் செய்யும் கை யாருடையது என்று நூல் கூறவில்லை. பெரும்பாலும் அது பெண்ணின் கை. அவளுடைய களைப்பைப்பற்றி நூறு செய்யுளிலும் ஒரு சொல் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆசார போதனை உரைநடைக்கு வந்தது. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர், தம் பாலபாடங்களிலும் சைவ வினாவிடைகளிலும் நாட்கடன்களையும் நல்லொழுக்கத்தையும் பிள்ளைகளுக்கு விளங்கும் தெளிந்த வசனத்திலே எழுதினார். முள்ளியார் காரணம் கூறாது விட்ட பலவிடங்களிலே நாவலர் காரணமும் பயனும் கூறி வற்புறுத்துவர். நான்காம் பாலபாடத்திலே செய்ந்நன்றியறிதலும் பொய்யும் அழுக்காறும் கோபமும் தனித்தனிக் கட்டுரைகளாதல் காண்க. கிளைகளைவிட வித்தே அங்கே பெரிதாக விரிகின்றது. எனினும் சாதியாசார எல்லையை நாவலரும் கடந்தாரல்லர். அவரது உரைநடையைப் போற்றுவோர் இதனையும் ஒப்புக்கொள்வதே அவர் வளர்த்த ஆராய்ச்சி நேர்மைக்கு ஏற்றது.

முள்ளியாரின் இறுதிச்செய்யுளே நூலின் முடிமணி. தொண்ணூற்றொன்பது செய்யுளில் விதிகளை அடுக்கியவர், நூறாவது செய்யுளில் அவ்விதிகளினின்று விடுபட்டவர் யாவர் என்று கணக்கெடுக்கின்றார். அறியாத தேயத்தான், வறியவன், மூத்தவன், இளையவன், உயிரிழந்தவன், அஞ்சினவன், உண்பவன், அரசகருமம் மேற்கொண்டவன், மணாளன் என்ற ஒன்பதின்மரும் ஆசாரத்தினின்று வீடுபெற்றவர்கள் என்கின்றார். ‘வீடு’ என்ற சொல் ஈண்டு மிகுந்த கருணையோடு ஆளப்பட்டிருக்கின்றது. வழக்கம் அறியாதவன் தவறியது தவறன்று. இல்லாதவனிடம் தூய ஆடையைக் கேட்பது கொடுமை. தளர்ந்த முதியவனையும் அறியாப் பிள்ளையையும் விதி வருத்தலாகாது. அஞ்சி ஓடிவருபவன் எத்திசை நோக்கி நின்றான், எதனை உடுத்திருந்தான் என்று பார்ப்பவன் மனிதனல்லன். விதியின் அளவு மனிதனின் வலிமைக்கு உட்பட்டதாதல் வேண்டும் என்ற இவ்வுணர்வு, முதற்செய்யுளிலே கூறப்பட்ட பொறையுடைமை என்ற வித்தின் கனியாகும். இப்பட்டியலிலும் குறை உண்டு. மணாளனுக்கு விலக்குத் தந்தவர் மகப்பெற்ற தாயை எண்ணினாரல்லர். பிறப்பாலே ஒதுக்கப்பட்டவனும் அதில் இல்லை. எனினும், விதிநூல் ஒன்று தன் எல்லையைத் தானே குறித்து முடிவது பெருமைக்குரியது.

இதனோடு ஒப்பிடத்தக்கது மேனாட்டிலும் ஒன்று உண்டு. ஒல்லாந்து அறிஞராகிய எராசுமசு, 1530ஆம் ஆண்டிலே சிறுவர்களின் நன்னடத்தைபற்றி இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். மூக்கைச் சிந்தும் முறை, உணவு மேசையில் இருக்கும் முறை, உடுக்கும் முறை முதலியவற்றை அது கற்பித்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பெற்றுப் பாடசாலைகளிலே நெடுங்காலம் வழங்கிற்று. 1939ஆம் ஆண்டிலே நோர்பேட்டு எலியாசு என்னும் சமூகவியலறிஞர் ஐரோப்பிய நாகரிகத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது அந்நூலையே முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். இத்தகைய நடத்தை மெய்யியலின் மிகப் பருமையான பகுதி என்று எராசுமசு தாமே ஒப்புக்கொள்கின்றார். நூலின் முடிவிலோ, தான் எதிலும் தவறாது நடந்து பிறர் தவறுகளை எளிதிலே பொறுத்துக்கொள்வதே நன்னடத்தையின் பெரும்பகுதி என்கின்றார். முள்ளியாரை அவர் அறிந்தவரல்லர், ஆரிடத்தையும் அறிந்தவரல்லர். ஆயினும் இருவர் நூல்களும் விதியிற் புகுந்து பொறுமையில் முடிகின்றன. நடையுடை பாவனைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவற்றை அறியாதவனிடம் காட்டவேண்டிய பரிவு வேறுபடுவதில்லை.

1983ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்தமிழர் பல்லாயிரவர் கடல்கடந்து சென்று, பிறர் நாட்டு வாயில்களிலே ‘அறியாத தேயத்தார்’ ஆயினர். 1995ஆம் ஆண்டின் ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீதிக்கு வந்தபோது, நாள்தோறும் முற்றம் தெளித்து அடுப்பு மூட்டியவர்கள் மரநிழல்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் கிடந்தனர். வறியவன், மூத்தவன், இளையவன், அஞ்சினவன் என்ற சொற்கள் அன்று பட்டியலாக இருக்கவில்லை, வீதியிலே நடந்துசென்றன. அன்று ஒரு கிடாரத்திலே சமைத்ததைப் பகிர்ந்துண்டவர் பலர். அங்கேயும் கிணற்றங்கரையிலே வேற்றுமை பார்த்தவர் சிலர். முன்னையோர் ஆசாரக்கோவையின் முதற்செய்யுளையும் இறுதிச்செய்யுளையும் தாம் படியாமலே கைக்கொண்டவர். பின்னையோர் இடையிலே உள்ள ஒரு செய்யுளை மட்டும் விடாது பிடித்துக்கொண்டவர்.

இன்று வேற்றுநாடுகளிற் பிறந்த பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். கோயில் வீதியிலே எப்படி நிற்பது, பெரியவரை எப்படி அழைப்பது, வாழையிலையை எப்பக்கம் மடிப்பது என்று அறியாது அவர்கள் திகைக்கும்போது, நகைப்பவரும் உளர், கடிந்துகொள்பவரும் உளர். அருகில் இருத்தி, முறுவலோடு காட்டிக்கொடுப்பவரும் உளர். மூன்றாமவரே முள்ளியாரின் மரபினர். கற்பிக்கவேண்டிய ஆசாரம் எது, கைவிடவேண்டியது எது என்று ஆராயும் ஆசிரியரும் பெற்றோரும் அவ்வெட்டு வித்துக்களையும் ஒருபுறத்தில் வைத்து, ஒன்பதின்மரையும் மறுபுறத்தில் நிறுத்தி, இடையிலுள்ள ஒவ்வொரு விதியையும் அவற்றோடு ஒத்துப்பார்ப்பாராக. ஒத்துவருவது நிற்கும், ஒவ்வாதது எத்துணைப் பழமை உடையதாயினும் நிற்றற்கு உரியதன்று.